ஷிராஸில் வாங்கிய கஷ்காய் கம்பளம்: காலடியில் போட்டுப் பழகிய பிறகு

ஈரான் கம்பளம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இஸ்பஹான், கோம் நகரங்களின் பட்டு மினுமினுப்பு. நான் வாங்கியது அது இல்லை. கஷ்காய் நாடோடிப் பெண்கள் நெய்த முழுக் கம்பளி விரிப்பு. அங்கே ‘தோசார்’ என்று சொல்லும் அளவு: நீளம் சுமார் இரண்டு மீட்டர், அகலம் ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஷார்ஜாவில் எங்கள் வீட்டு ஹாலில், பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடத்தில்தான் கிடக்கிறது. சுவரில் மாட்டுவதற்காக வாங்கவில்லை.

வாங்கிய இடம் ஷிராஸின் வக்கீல் பஜார். 18ஆம் நூற்றாண்டில் ஈரானை ஆண்ட கரீம் கான் ஸந்த் கட்டியது. செங்கல் வளைவுகளுக்குக் கீழே நடந்தால் வெளியே அடிக்கும் வெயில் தெரியாது. கடைக்காரர் தேநீர் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனார். வாங்கச் சொல்லி நெருக்கவில்லை. விரித்த ஒவ்வொன்றையும் நான் கேட்காமலே திருப்பிப் போட்டுக் காட்டினார். இதற்காகவே அவருக்கு முழு மதிப்பெண் தருவேன்.

ஏனென்றால் கைவேலையா என்று தெரிந்துகொள்ளப் பின்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். முன்னால் உள்ள வேலைப்பாடு பின்னாலும் அதே தெளிவோடு, முடிச்சு முடிச்சாகத் தெரிய வேண்டும். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலின், தொடர்ச்சியாக இருக்க வேண்டும். தனியாகத் தைத்திருந்தால் பெரும்பாலும் மெஷின் சரக்கு. காஷானிலும் பக்கத்து ஆரான்-பித்கோலிலும் மெஷினில் ஏராளமாக நெய்கிறார்கள். அதில் தப்பில்லை, கைவேலை விலைக்கு விற்காத வரை. இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு பாவு நூலுக்கு ஒரு முடிச்சு என்பதுதான் முறை. வேலையைக் குறைக்க நான்கு நூலுக்கு ஒரு முடிச்சு போடுவதும் உண்டு, அதற்கு ‘ஜுஃப்தி’ என்று பெயர். அப்படி நெய்தது அடர்த்தி இல்லாமல் சீக்கிரம் தேய்ந்துபோகும். என்னுடையதை விரலால் பிரித்துப் பார்த்தேன், நெருக்கமாகவே இருக்கிறது.

சரி, டிசைனுக்கு வருகிறேன். நான் மயங்கியது அதில்தான். நகரத்துப் பட்டறைகளில் ஓவியர் முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார், ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. நெய்பவர் அதை அச்சு மாறாமல் பின்பற்றுவார். கஷ்காய் பெண்களுக்குத் தாள் கிடையாது. அம்மாவிடம் பார்த்துப் பழகியது, கண்ணில் பட்டது, அன்றைக்குத் தோன்றியது எல்லாம் சேர்ந்து தறியில் ஏறும். என் கம்பளத்தின் நடுவில் மூன்று சாய்சதுரங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் உள்ளேயும் கொக்கி போட்ட நான்கு கைகள். சுற்றியுள்ள சிவப்பு வெளியில் ஆடு, கோழி, மரம், எட்டு இதழ்ப் பூ. நம் பட்டுப்புடவைக் கரையில் வரும் மாங்காய் போலவே ‘போத்தே’ என்ற உருவம் ஓரம் முழுக்க வருகிறது. இடது மூலையில் மட்டும் ஓர் ஆட்டுக்கு நீல உடம்பு. ஏன் என்று கேட்டால் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஆடு எனக்குச் சலிக்கவில்லை. ஷிராஸ் இருக்கும் ஃபார்ஸ் மாநிலத்தின் இந்த நெசவை 2010இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததும் சும்மா இல்லை.

சிவப்பு மஞ்சிட்டி வகை வேரில் எடுப்பது, நீலம் அவுரி, பழுப்புக்கு வால்நட் தோல். சிவப்பு எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இல்லை. ஒரு பட்டை வெளிறி, அடுத்தது கறுத்து ஓடுகிறது. சாயம் ஒவ்வொரு தடவை காய்ச்சும்போதும் மாறுவதால் வரும் இதை ‘அப்ரஷ்’ என்பார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை, தரைக்கு ஓர் அசைவைத் தருகிறது.

ஆனால் குறைகளும் உண்டு. ஒரு முனை மற்றதைவிட மூன்று விரல் அகலம் கூடுதல். தரையில் முளையடித்துக் கட்டும் தறியில் நெய்தது இது. கூடாரம் மாற்றும்போது கழற்றி, போன இடத்தில் மறுபடி கட்டுவார்கள், இழுப்பு மாறிவிடும். டைல்ஸ் கோட்டோடு சேர்த்துப் போட்டால் கோணல் கண்ணை உறுத்தும். “எல்லாமே இயற்கைச் சாயம்” என்று கடைக்காரர் சொன்னதையும் நான் முழுதாக ஏற்கவில்லை. வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்ததில் சாயம் ஒட்டவில்லை என்றாலும், இதில் வரும் பளீர் ஆரஞ்சு ரசாயனம் என்றே நினைக்கிறேன். ஈரம் பட்டால் ஆட்டு வாடை வரும், முதல் சில மாதங்கள் நன்றாகவே தெரிந்தது.

போகிறவர்களுக்கு: ஈரானில் வெளிநாட்டு வீசா, மாஸ்டர்கார்டு வேலை செய்யாது, ரொக்கம்தான். சொல்லும் விலை தோமானா ரியாலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தோமான் பத்து ரியால். பேரம் பேசலாம், முகம் சுளிக்க மாட்டார்கள். எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது, வருத்தமில்லை.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே வாக்குவம் போடுங்கள், குஞ்சத்தின் மேல் ஓட்டாதீர்கள். சோபாவுக்கு அடியில் கிடக்கும் பகுதியில்தான் பூச்சி முட்டை வைக்கும், அதனால் அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும். சலவைக்கு மட்டும் ஆள் பார்த்துக் கொடுங்கள். இங்கே ஒரு கடையில் சோபா உறையோடு சேர்த்து வெந்நீரில் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள்; கம்பளத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கம்பளி என்றால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, அப்புறம் நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான்.