இடுப்பு வலிக்கு வீடியோ பார்த்துப் பயிற்சி செய்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன புரட்டாசியில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது வருடமாகத் தையல் மெஷினில் குனிந்தே உட்கார்ந்திருக்கிறவள் நான். தண்ணீர் லாரி வந்த அன்று இரண்டு குடத்தை ஒரேயடியாகத் தூக்கினேன், சுருக்கென்று பிடித்தது. அன்று இரவு வலது புட்டத்தில் மட்டும்தான் வலி. கால் பக்கம் ஒன்றும் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தீபாவளித் துணி குவிந்து கிடந்த நேரம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் வேலை போய்விடும் என்று போனில் தேடினேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், மேஜையில் பிளாஸ்டிக் முதுகெலும்பு, "ஏழே நாளில் ஜவ்வு தானாக உள்ளே போய்விடும்" என்று தலைப்பு. லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். கீழே வரிசையாக நன்றி சொல்லியிருந்தார்கள். இத்தனை பேர் பொய் சொல்வார்களா என்று நம்பினேன். திட்டிப் போடும் கருத்துகளை அவர்கள் அழித்துவிடுகிறார்கள் என்பது நானே ஒன்று போட்டு, அது மறுநாள் காணாமல் போனபோதுதான் தெரிந்தது.

அவர் சொன்னது இது. காலை ஐந்து மணிக்கு எழுந்ததும், வெறும் வயிற்றில், முட்டியை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும், முப்பது தடவை. அப்புறம் மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டு காலையும் நீட்டியபடி சேர்த்துத் தூக்கி மெல்ல இறக்க வேண்டும். வலித்தால் நிறுத்தக் கூடாதாம், "கெட்ட வலி வெளியேறுகிறது" என்றார்.

நாலாம் நாள் வலி தொடைக்கு வந்தது. ஏழாம் நாள் கெண்டைக்கால் வரை இழுத்தது. அதே வீடியோவில் "முழுக் குணத்துக்கு 21 நாள் வகுப்பு, தனிக் கவனிப்பு உண்டு" என்று இருந்தது. 2,499 ரூபாய் கட்டினேன். எட்டு ரவிக்கை தைத்த காசு.

தனிக் கவனிப்பு என்பது ஒரு வாட்ஸ்அப் குழு. வலி காலுக்கு இறங்குகிறது என்று எழுதினேன். உடனே குரல் பதிவு வந்தது: "நல்ல அறிகுறிம்மா, நரம்பு திறக்குது, விடாம செய்ங்க." மனசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா! குழுவில் இருந்த இன்னொரு பெண்ணோடு பின்னால் தனியாகப் பேசினேன். அவருக்குக் கழுத்து வலி. அவருக்கு வந்ததும் அதே பதிவு, ஒரு சொல் மாறவில்லை.

பதினைந்தாம் நாள் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பையன், "அக்கா, செருப்பை விட்டுட்டுப் போறீங்க" என்றான். வலது கால் செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து கால் கட்டைவிரலை மேலே தூக்கிப் பார்த்தேன். இடது விரல் வந்தது, வலது விரல் வரவில்லை. அன்று நான் பயந்த மாதிரி எப்போதும் பயந்ததில்லை.

அரசு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்பின் ஐந்து எலும்புகளில் நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் உள்ள ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைவிரலைத் தூக்கும் சக்தி அந்த நரம்பில்தான் வருகிறது. உடனே ஆபரேஷன் வேண்டாம், பலவீனம் கூடினால் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லி, பிசியோதெரபிக்கு அனுப்பினார் டாக்டர்.

பிசியோதெரபி பண்ணுகிற மேடம் முதல் இருபது நிமிடம் எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லை. கேள்விதான் கேட்டார். உட்கார்ந்தால் கூடுமா, நடந்தால் குறையுமா, இருமினால் காலுக்கு இழுக்குமா, சிறுநீர் சரியாகப் போகிறதா. குதிகாலில் நடக்கச் சொன்னார், முன்பாதத்தில் நடக்கச் சொன்னார். படுக்கவைத்து ஒரு காலை நேராகத் தூக்கி, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார்த்தார். அந்த வீடியோ என்னிடம் இதில் ஒரு கேள்வியாவது கேட்டதா? வீடியோவால் கேட்கவும் முடியாதே.

வீடியோவை அவரிடம் காட்டினேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ராத்திரி படுத்திருக்கும்போது ஜவ்வு தண்ணீரை இழுத்து ஊறி இருக்குமாம். எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் குனிவதற்கு மிக மோசமான நேரம். 1960களிலேயே ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற டாக்டர், ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்திருக்கிறார். படுத்திருப்பதைவிட நிற்கும்போதும், நிற்பதைவிட முன்னால் சாய்ந்து உட்காரும்போதும் அழுத்தம் ஏறுகிறது. அதாவது நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்து ஜவ்வு பிதுங்கிய ஒருத்தியை, விடிகாலையில் இன்னும் முப்பது தடவை குனியவைத்திருக்கிறார்கள்.

எனக்கு அவர் கொடுத்தது நேர் எதிரான ஒன்று. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, மெல்ல மார்பைத் தூக்குவது. இதற்கு ஒரு கதையும் சொன்னார். 1956-இல் நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டாராம். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிடம் கிடந்தவருக்குக் கால்வலி போய்விட்டது. அதிலிருந்துதான் மெக்கன்சி ஒரு முறையையே வளர்த்தெடுத்தார். கால்வலி மேலே ஏறி இடுப்புக்குத் திரும்பினால் நல்லது, இடுப்பு வலி காலுக்கு இறங்கினால் கெட்டது என்பது அதில் முக்கியமான பாடம். எனக்கு "நல்ல அறிகுறி" என்று அந்த ஆள் சொன்னது எதை என்று இப்போது பாருங்கள்.

பத்து நாளில் வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியது. சந்தோஷத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். அம்மாவுக்கு 68 வயது, நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும், கொஞ்சம் குனிந்து நின்றால் சரியாகும். எனக்கு நன்றாக இருக்கிற பயிற்சியாயிற்றே என்று அவளையும் குப்புறப் படுக்கவைத்துச் செய்யச் சொன்னேன். மூன்றே நாளில் எழுந்து நிற்க முடியாமல் அழுதாள். அம்மாவுக்கு இருப்பது முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கிய நோய். பின்னால் வளைந்தால் குழாய் இன்னும் நெருக்கும், முன்னால் குனிந்தால்தான் திறக்கும். எனக்குக் கெடுதல் செய்த அந்த முழங்காலை நெஞ்சோடு இழுக்கிற பயிற்சியைத்தான் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் பால் வில்லியம்ஸ் என்ற டாக்டர் 1937-இலேயே எழுதிவைத்த வகையாம் அது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் "இடுப்பு வலி", மருந்து மட்டும் நேர் எதிர்.

பயிற்சியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பயிற்சியைப் பரிந்துரைத்திருக்கிறது. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாகவும் அவர்கள் கணக்கு. இத்தனை பேர் வலியோடு தேடுகிறோம் என்பது தெரிந்துதான் கடை விரிக்கிறார்கள்.

சரி, வீடியோ பார்க்கத்தான் வேண்டும் என்றால் சிலவற்றைக் கவனியுங்கள். இந்தப் பயிற்சி யார் செய்யக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லாத வீடியோவை மூடிவிடுங்கள். நாள் கணக்கு சொல்லி உறுதி கொடுக்கிறவரை நம்பாதீர்கள். வெள்ளைக் கோட்டைப் பார்க்காமல் படிப்பைக் கேளுங்கள். பிசியோதெரபி பட்டம் நாலு வருடத்துக்கும் மேலான படிப்பு, படித்தவர் சொல்லத் தயங்க மாட்டார். நான் அந்த ஆளிடம் கேட்டேன், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வீடியோவின் கீழே, விரித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற இடத்தில், "இது மருத்துவ ஆலோசனை அல்ல, உங்கள் சொந்தப் பொறுப்பில் செய்யவும்" என்று எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

இன்னொன்று. தொடைகளுக்கு நடுவே, உட்காருகிற இடத்தில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, இரண்டு காலும் ஒன்றாகப் பலவீனமானாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது அவசர ஆபரேஷன் தேவைப்படும் நிலையாக இருக்கலாம், தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

செலவுக்குப் பயந்து வீடியோவை நாடுகிறவர்கள் நம்மில் அதிகம். நானும் அப்படித்தான். தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு இப்போது அப்படித்தான் நடக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, வகுப்பைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், திரும்பத் தர முடியாது என்றார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பணம் கட்டிய ரசீது, அந்தக் குரல் பதிவு, நீக்கப்பட்ட என் கருத்தின் படம் எல்லாம் கொடுத்தாயிற்று. பதில் வரவில்லை, விடப்போவதும் இல்லை. அந்த வீடியோவை நான் அனுப்பிவைத்த ஏழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்து, நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் போனை எடுக்கவில்லை, நாளைக்கு நேரில் போகிறேன்.

வலது கட்டைவிரல் இப்போது தூக்க வருகிறது, இடது அளவுக்கு இல்லை. பின்பட்டை வைத்த செருப்புதான் இன்னும் போடுகிறேன்.