கரண்ட் போகிற ஊரில் எந்தக் கேமரா: பிளாக்மேஜிக் பாக்கெட்டா, சோனி இசட்வி-இ10-ஆ?

போன வருடம் முழுக்க இந்த இரண்டு கேமராவுக்கும் நடுவில் அல்லாடிவிட்டுக் கடைசியில் சோனி இசட்வி-இ10 வாங்கினேன். மியான்மரின் யாங்கோனில் குறும்படம், ஆவணப்படம் எடுக்க ஆசைப்படுகிற நம் பிள்ளைகள் நாலைந்து பேர் "எது வாங்கலாம் அண்ணே" என்று கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் சோனி பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் படிக்கிறவர்கள் குறை சொல்லக் கூடாது.

விலையில் ஆரம்பிக்கலாம். பிளாக்மேஜிக் பாக்கெட் சினிமா கேமரா 4கே 2018-இல் 1295 டாலருக்கு வந்தது, சோனி 2021-இல் வந்தபோது லென்ஸ் இல்லாமல் 700 டாலர். இங்கே கைக்கு வரும் விலை வேறு, அது வாரத்துக்கு வாரம் மாறும்.

படத் தரத்தில் பிளாக்மேஜிக்தான் மேல், இதில் வாதமே வேண்டாம். ராவாக, அதாவது சென்சார் பார்த்ததை அதிகம் மாற்றாமல் பதியும், 13 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சம் இரண்டு மடங்காவது) வரை வெளிச்ச வித்தியாசத்தைப் பிடிக்கும், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ-வில் 400, 3200 என்று இரண்டு அடிப்படை உண்டு. கூடவே டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ என்ற எடிட்டிங் மென்பொருளும் இலவசமாக வருகிறது. இரவல் வாங்கி பெகு பக்கம் ஒரு கோயில் தீமிதியை இரவில் எடுத்தேன். பூக்குழியில் தணல் தணலாகத் தெரிந்தது. சிவப்பு, அதற்குள்ளே கறுப்பு, மேலே லேசாகப் பூத்த சாம்பல், இறங்குகிறவரின் மஞ்சள் வேட்டி ஓரத்தில் விழுகிற வெளிச்சம், எல்லாம் தனித்தனியாக இருந்தன. அதே குழியை சோனியில் எடுத்தால் தணல் முழுவதும் ஒரே ஆரஞ்சுத் திட்டாகிவிடுகிறது. அது பதிவது 8 பிட்தான், அதாவது நிறங்களுக்கு இடையில் உள்ள படிகள் குறைவு, அதற்கு மேல் அதனிடம் கேட்க முடியாது. கதைப்படம் மட்டும் எடுப்பவர், லைட் போட்டு, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, நாலு பேர் கூட நிற்க வேலை செய்பவர் என்றால் யோசிக்காமல் பிளாக்மேஜிக் வாங்கலாம்.

ஆனால் நான் எடுப்பது வயதானவர்களின் பேச்சை. அங்கேதான் விஷயமே மாறிவிட்டது.

இந்தக் கேமரா வாங்குவதற்கு முன்னால், வேறொரு பழைய கேமராவோடு ஆற்றைத் தாண்டி டாலாவில் ஒரு பாட்டியிடம் போயிருந்தோம். 1964-இல் அவருக்குப் பதினாறு வயது. கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, மே மாதம் ஐம்பது, நூறு நோட்டு செல்லாது என்றது, அப்பா நோட்டுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அண்ணன் மெட்ராஸ் கப்பலுக்குக் கிளம்பிய காலையில் அம்மா கட்டிக்கொடுத்த சோற்று மூட்டைக்கு வந்தார். கேமரா அணைந்துவிட்டது. முந்தின இரவு எங்கள் தெருவில் கரண்ட் இருந்ததே ஒன்றரை மணி நேரம், அதற்குள் தண்ணீர் மோட்டார் போடுவதா, சோறு பொங்குவதா, பேட்டரி போடுவதா? மாற்று பேட்டரியும் காலி. "என்ன தம்பி, நின்னுபோச்சா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். அடுத்த வாரம் போனோம், மறுபடியும் சொன்னார், நன்றாகவே சொன்னார். ஆனால் சோற்று மூட்டை அதில் வரவில்லை. நாமாக எடுத்துக்கொடுத்துச் சொல்லச் சொன்னால் அது அவர் பேச்சாக இருக்காது என்று விட்டுவிட்டேன். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் கேமரா தேடும்போது நான் முதலில் பார்த்தது மின்சாரக் கணக்கு. பிளாக்மேஜிக்கில் போடுவது கேனனின் எல்பி-இ6 வகை பேட்டரி, 14 வாட்-மணி. அது முக்கால் மணி நேரம் ஓடினால் பெரிது. சோனியின் என்பி-எஃப்டபிள்யூ50 அதில் பாதிதான், சுமார் 7 வாட்-மணி, ஆனால் அதை வைத்துக்கொண்டே ஒரு மணி நேரத்துக்கு மேல் பதிகிறேன். அதாவது பிளாக்மேஜிக் குடிக்கிற மின்சாரத்தில் சோனி மூன்று நாலு மடங்கு நேரம் ஓடும். இதையும் விட முக்கியமானது, சோனியில் யூஎஸ்பி-சி வயரைச் செருகினால் பவர் பேங்கிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதியும், நடுவில் நிறுத்தத் தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் கணக்குப்படி 74 வாட்-மணி, வழியில் வீணாவது போக ஒரு பகல் முழுக்கப் பேச்சைப் பதியலாம். அதே பவர் பேங்கில் பிளாக்மேஜிக்கை ஓட்ட 12 வோல்ட்டாக மாற்றித்தரும் தனி வயர் வேண்டும், அப்படியும் மூன்று மணி நேரம் தாண்டாது. பவர் பேங்க் இங்கே எல்லார் வீட்டிலும் இருக்கிறது, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்கலாம். எல்பி-இ6 பேட்டரியை எந்தப் பக்கத்து வீட்டில் கேட்பது? தெருவில் பையன்கள் "மீ லாபீ!" (கரண்ட் வந்துவிட்டது) என்று பர்மியில் கத்தினால் எல்லாருக்கும் முன்னால் ஓடி, இருக்கிற ஒரே பிளக்கில் எட்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போடுகிற பாடு இப்போது எனக்கு இல்லை. ஒரு பவர் பேங்க், அவ்வளவுதான்.

வயரை மட்டும் முக்காலி காலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். யாராவது காலில் இடறினால் செருகும் துளைதான் முதலில் ஆட்டம் காணும், அது போனால் இந்தக் கேமராவை வாங்கிய காரணமே போய்விடும்.

கோப்பின் அளவும் இதே கணக்கில்தான் சேரும். பிளாக்மேஜிக்கில் அளவை ஆகக் குறைத்துச் சுருக்குகிற 12:1 ராவில் 4கே எடுத்தாலும் மணிக்கு 120 ஜிபி பக்கம் போகிறது, சோனியில் 45 ஜிபி. இரண்டு மணி நேரப் பேச்சை எடுத்து இரண்டு டிஸ்க்கில் நகல் போட வேண்டும், அது முடிகிற வரை லேப்டாப் உயிரோடு இருக்க வேண்டும். லேப்டாப்பும் கரண்டில்தானே ஓடுகிறது.

அப்புறம் உருவம். பிளாக்மேஜிக்கை வெளியே எடுத்தால் "படப்பிடிப்பா?" என்று நாலு பேர் கூடிவிடுகிறார்கள், இன்றைய நிலையில் அது நல்லதும் இல்லை. சோனியை போட்டோ எடுக்கிற சின்ன கேமரா என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாட்டிமார் முந்தானையைச் சரிசெய்வதோடு விட்டுவிடுகிறார்கள். ஆட்டோ ஃபோகஸ் முகத்தை விடாமல் பிடிப்பதால் நான் கேமராவைப் பார்க்காமல் பேசுகிறவர் முகத்தைப் பார்த்து உட்கார முடிகிறது. தனி ஆளாகப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

சோனியின் குறைகளையும் சொல்ல வேண்டும். உடம்பில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, சைக்காவில் (இங்கத்திய சைக்கிள் ரிக்‌ஷா) உட்கார்ந்து எடுத்தால் குலுங்கும். கேமராவை வேகமாகத் திருப்பினால் படத்தில் தூண்கள் சாய்ந்து தெரியும், ரயில் ஜன்னலோரக் காட்சியில் அது நன்றாகவே தெரியும். லாகில் (பிறகு வண்ணம் சேர்ப்பதற்காக வெளிறிய படமாகப் பதியும் அமைப்பு) எடுக்காதீர்கள், 8 பிட்டில் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும், சாதாரண வண்ண அமைப்பிலேயே வெளிச்சத்தைச் சரியாக வைத்து எடுப்பது மேல். ஏப்ரல் வெயிலில் 4கே-யில் நீளமாக ஓட்டினால் சூடாகும், மெனுவில் தானாக அணையும் வெப்ப அளவை 'ஹை' என்று மாற்றி, திரையை வெளியே திறந்து வையுங்கள். மைக் தனியாக வாங்கியே ஆக வேண்டும். கரண்ட் போனதும் மின்விசிறி நின்று ஒரு நிமிடம் அருமையான அமைதி கிடைக்கும், அடுத்த நிமிடமே பக்கத்துக் கடை ஜெனரேட்டர் ஆரம்பித்துவிடும், அதனால் காலருக்குப் பக்கத்தில் குத்துகிற மைக்தான் சரி.

பானசோனிக் ஜிஎச்5-ஐ இரண்டு நாள்தான் கையில் வைத்திருந்தேன். அந்த இரண்டு நாளில் எனக்குப் பிடித்துப்போனது, 10 பிட், உடம்பிலேயே ஆட்டம் தாங்கும், மழைச்சாரலுக்குப் பயப்படாது. யூஎஸ்பி-யில் சார்ஜ் ஏறாது என்ற ஒன்றுதான் என்னைத் தள்ளிவைத்தது. வீட்டில் சோலாரும் இன்வெர்ட்டரும் இருப்பவர்கள் பழையது கிடைத்தால் கட்டாயம் பாருங்கள். போன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, கையில் நல்ல போன் இருந்தால் முதல் படத்தை அதிலேயே எடுத்துவிடுங்கள், காசை மைக்கில் போடுங்கள்.

பழைய கேமராவோ லென்ஸோ வாங்குபவர்கள் ஒன்று செய்யுங்கள். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள், மே முதல் அக்டோபர் வரை நம் ஊர் ஈரம் லென்ஸை விடாது. அப்புறம் பவர் பேங்கைக் கையோடு கொண்டுபோய், வயரைச் செருகி, லேசாக ஆட்டிப் பார்த்து, கடையிலேயே இருபது நிமிடம் பதிந்து பாருங்கள். அவசரப்படுத்துகிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டுக் கேமராவை உள்ளே வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து ஆறவைத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.