சிடைப்ஸ்: இலவசமாக வருகிறது, எதையும் சரிபார்க்காது

பைத்தானிலிருந்து ஒரு சி லைப்ரரிக்கு அரே அனுப்ப வேண்டும், ஆனால் கம்பைலரோடு மல்லுக்கட்ட மனமில்லை என்றால் முதலில் கைக்கு வருவது, சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்தே கூப்பிட உதவும் சிடைப்ஸ் மாட்யூல்தான். 2.5 பதிப்பிலிருந்தே பைத்தானோடு சேர்ந்து வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டாம். லைப்ரரியைத் திறந்து ஃபங்ஷனைக் கூப்பிட்டால் ஓடிவிடும். சரியாக ஓடியதா என்பது வேறு விஷயம்.

என் குறையே அதுதான், எதைக் கொடுத்தாலும் தலையாட்டுகிறது. ஃபங்ஷன் எந்த வகை விடை தரும் என்பதைக் குறிக்கும் ரெஸ்டைப்பைச் சொல்லாமல் விட்டால் எந்த ஃபங்ஷனும் இன்ட் (முழு எண்) தான் தரும் என்று எடுத்துக்கொள்ளும், வருவது டபுள் (தசம எண்) என்றால் சம்பந்தமே இல்லாத எண் கிடைக்கும். அரே விஷயத்தில் இன்னும் மோசம். லினக்ஸில் நம்பையின் (எண் அரேக்களுக்கான பைத்தான் லைப்ரரி) வழக்கமான முழு எண் 64 பிட், சி-யின் இன்ட் 32 பிட். 1, 2, 3 உள்ள நம்பை அரேயை இன்ட் பாயின்டராக (மெமரியில் அரே இருக்கும் முகவரி) மாற்றி, நீளம் 3 என்று சொல்லி, கூட்டல் போடும் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு 64 பிட் எண்ணையும் இரண்டு இன்டாக எடுத்து, அந்தப் பக்கம் 1, 0, 2 என்று படித்து விடை 3 என்று வரும். எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. கிராஷ் ஆகித் தொலைத்திருந்தாலாவது தெரிந்திருக்கும்!

நல்ல வேளையாக நம்பையில் என்டிபாயின்டர் இருக்கிறது. டிடைப் (எண்ணின் வகை) இது, சி-கன்டிகுவஸாக (மெமரியில் இடைவெளியின்றி வரிசையாக) இருக்க வேண்டும் என்று அதில் எழுதி, ஃபங்ஷனுக்கு என்ன அனுப்பலாம் என்று குறிக்கும் ஆர்க்டைப்ஸில் வைத்துவிட்டால், பொருந்தாத அரே சி பக்கம் போவதற்கு முன்பே எரர் வந்து நின்றுவிடும். டிரான்ஸ்போஸ் செய்த மேட்ரிக்ஸ், ஒன்றுவிட்டு ஒன்று எடுத்த ஸ்லைஸ் இரண்டும் மாட்டுவது இங்கேதான், ஏனென்றால் அவற்றில் மெமரி இடம் மாறுவதே இல்லை, நம்பை தாவிப் படிக்கிறது, சி-க்கு அந்தத் தாவல் தெரியாது. அரேயை வரிசையாக அடுக்கித் தரும் நம்பையின் அஸ்கன்டிகுவஸ்அரே போட்டால் சரியாகும், ஆனால் அப்போது போவது நகல், ஃபங்ஷன் விடையை அரேயிலேயே எழுதும் ரகம் என்றால் உங்கள் அசல் அரே மாறாமல் அப்படியே கிடக்கும்.

சாதாரண லிஸ்டுக்கு இவ்வளவு தொல்லை இல்லை, சி_டபுள் பெருக்கல் நீளம் என்று ஒரு டைப் செய்து நிரப்பி அனுப்பலாம், ஒவ்வொரு எண்ணாக நகலெடுப்பதால் பெரிய லிஸ்டுக்கு மெதுவாகத்தான் இருக்கும்.

சி-யைக் கூப்பிட இன்னொரு வழியான சிஎஃப்எஃப்ஐ லைப்ரரி? ஹெடரில் உள்ள அறிவிப்பை அப்படியே ஒட்டினால் ரெஸ்டைப் தலைவலி போய்விடுகிறது, ஸ்ட்ரக்ட் நிறைய உள்ள லைப்ரரிக்கு நான் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அரேயின் மெமரியை சி-க்குக் கொடுக்கும் அதன் ஃப்ரம்_பஃபரும் டிடைப்பைப் பார்ப்பதில்லை. அரே மட்டும்தான் போய்வருகிறது என்றால் எனக்கு சிடைப்ஸ் போதும், என்டிபாயின்டர் கூடவே இருக்கும் வரை.