இரண்டடித் தொட்டிக்கு எந்த பிளெக்கோ?

சிங்கப்பூரில் சிராங்கூன் நார்த் பக்கமோ கிளமெண்டி பக்கமோ ஒரு மீன் கடையில் நுழைந்து, “கண்ணாடியெல்லாம் பாசி, சுத்தம் பண்ற மீன் இருக்கா?” என்று கேட்டால், பையில் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் காமன் பிளெக்கோவைத்தான். பிளெக்கோ என்பது வாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை மீன். விரல் நீளம்தான் இருக்கும், விலையும் சொற்பம். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பிரிசில்நோஸ் பிளெக்கோவும் ஏறக்குறைய அதே அளவு, அதே பழுப்பு நிறம். விலை கொஞ்சம் கூடுதல் என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். வீவக அடுக்குமாடி வீட்டுக்கு அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பதே சரி என்பது எங்கள் கருத்து. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காமன் முந்துகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அடையாளம். மீன் முதுகுத் துடுப்பை விரிக்கும்போது உள்ளே ஓடும் கதிர்களை எண்ணுங்கள். பத்தோ அதற்கு மேலோ இருந்து, துடுப்பு அகன்று உயர்ந்திருந்தால் அது டெரிகோப்ளிக்திஸ் இனம். காமன் என்று விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். பிரிசில்நோஸுக்கு ஏழெட்டுக் கதிர்கள்தான், தலையும் தட்டையாக அகன்றிருக்கும். ஆண் மீனுக்கு 6, 7 செ.மீ. வளர்ந்ததும் மூக்கிலும் நெற்றியிலும் மீசை கிளம்பிவிடும், அப்புறம் சந்தேகமே இல்லை.

காமன் நன்றாகத் தின்றால் ஓரிரு வருடத்தில் ஓர் அடியைத் தொடும், 40 செ.மீ. வரைகூடப் போகும். வழக்கமான இரண்டடித் தொட்டியின் முன்பின் அகலமே 30 செ.மீ.தான், அதாவது மீன் திரும்பவே இடம் இருக்காது. “தொட்டி சின்னதாக இருந்தால் மீனும் சின்னதாகவே நின்றுவிடும்” என்பார்கள். அழுக்கு நீரில் வளர்ச்சி தடைபட்டு, சீக்கிரம் செத்துப்போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்கு ஏற்ற தொட்டி குறைந்தது ஆறடி. 180, 60, 60 செ.மீ. அளவில் நீர் மட்டுமே சுமார் 650 கிலோ. அடுக்குமாடி வரவேற்பறையில் இதை யோசித்துத்தான் வைக்க வேண்டும். பிரிசில்நோஸ் 12 செ.மீ. அளவில் நின்றுவிடும். 65 லிட்டர் தொட்டியில் ஒன்று தாராளமாக வாழும்.

பாசி விஷயத்திலும் காமன் ஏமாற்றும். குட்டியாக இருக்கும்வரை மேயும். வளர்ந்தபின் மேய்ச்சல் குறையும், போடும் தீனிக்காகக் காத்திருக்கும், கழிவு மட்டும் கயிறுகயிறாகத் தரையெல்லாம் கிடக்கும். பசி எடுத்தால் இரவில் தங்கமீன், டிஸ்கஸ் போன்ற மெதுவாக நீந்தும் மீன்களின் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்வழுவழுப்பைச் சுரண்டும். காலையில் செதில் உரிந்த சிவப்புத் திட்டு தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பிரிசில்நோஸ் வயதானாலும் பாசி மேய்வதை விடாது, மற்ற மீன்களில் ஒட்டுவதும் அரிது. அதன் தொல்லை வேறு மாதிரி: சின்னத் தொட்டியில் இரண்டு ஆண்களை விட்டால் ஒரு பொந்துக்காக அடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் குட்டிகள் பெருகிவிடும், ஆண் பொந்துக்குள் படுத்து ஆரஞ்சு முட்டைகளுக்கு விசிறிக்கொண்டிருக்கும். அத்தனை குட்டிகளை யாரிடம் கொடுப்பது? ஒன்றே ஒன்று வாங்குங்கள்.

இனி காமன் முந்தும் இடம்: சூடு. குளிர்சாதனம் போடாத வரவேற்பறையில் தொட்டி நீர் 28 முதல் 30 டிகிரி வரை நிற்கும். காமன் அதைத் தாங்கும். பிரிசில்நோஸுக்கு 23 முதல் 27 டிகிரிதான் சுகம். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், 30 டிகிரியில் சுமார் 7.5தான். சூட்டில் மீனுக்குத் தேவையோ கூடும். எப்போதாவது மேலே வந்து காற்றை விழுங்குவது சகஜம். சில நிமிடத்துக்கு ஒருமுறை பாய்ந்து வந்தால் மூச்சு முட்டுகிறது என்று அர்த்தம். தொட்டி விளிம்பில் மாட்டும் சின்ன மின்விசிறி நீர்ப்பரப்பில் காற்றை வீசினால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும், இரவில் காற்றுக்குமிழ் விடும் ஏர் ஸ்டோனும் ஓடட்டும். விசிறிக்காக மூடியைத் திறந்தால் வலை போடுங்கள், பிளெக்கோ இரவில் துள்ளி வெளியே விழும். நீரும் சீக்கிரம் ஆவியாகும்.

அந்தக் குறைவை ஈடுகட்டக் குழாய்நீரை அப்படியே ஊற்றக் கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்நீரில் குளோரமின் இருக்கிறது, அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி. வாளியில் ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்ற ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. குளோரின் நீக்கும் வெறும் தயோசல்பேட் மருந்து குளோரமினை உடைக்கும், ஆனால் அம்மோனியாவை மிச்சம் விடும். அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் மருந்தாக வாங்குங்கள். சீகெம் பிரைம் என்றால் 200 லிட்டருக்கு 5 மி.லி., ஆக 20 லிட்டர் வாளிக்கு அரை மி.லி. போதும். குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்கு விடுவதாக இருந்தால், மாற்றும் நீருக்கு அல்ல, முழுத் தொட்டிக் கொள்ளளவுக்குக் கணக்கிட வேண்டும். வாரம் 30 சதவீதம் மாற்றுவது பிரிசில்நோஸுக்குப் போதும். காமனுக்கு அது போதாது.

தீனி இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. தேக்கா சந்தையில் வாங்கும் வெள்ளரிக்காயில் ஒரு விரற்கடைத் துண்டு வெட்டி, முள்கரண்டியில் குத்தி, விளக்கணைத்த பிறகு இறக்குங்கள். சுக்கினி என்றால் வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்தால் கரண்டி இல்லாமலும் மூழ்கும். காலையில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், நம் சூட்டில் மதியத்துக்குள் நீர் கலங்கிவிடும். இடையில் பாசி வில்லை. ஒரு மரக்கட்டை எப்போதும் கிடக்கட்டும். பசித்த பிரிசில்நோஸ் அமேசான் வாள்செடியின் இலையைச் சல்லடையாக்கும், அதைக் கண்டால் தீனி போதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும்போது மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கையில் வயிற்றைப் பாருங்கள். தட்டையாகவோ லேசாக உப்பியோ இருக்கலாம். உள்வாங்கியிருந்தால், கண்ணும் குழிந்திருந்தால், வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளவுன் பிளெக்கோ 10 செ.மீ.க்குள் நிற்கும், அழகு, ஆனால் மரத்தைச் சுரண்டித் தின்னும் மீன். பாசிக்காக வாங்கினால் ஏமாற்றம், பகலில் கண்ணிலும் படாது. ஓட்டோசின்க்ளஸ் 4 செ.மீ., குறைந்தது ஆறு மீன்கள் வேண்டும். பெரும்பாலும் ஆற்றில் பிடித்துப் பட்டினியோடு வருபவை. பாசி படிந்து பழகிய தொட்டியில் விடாவிட்டால் சில வாரம்கூடத் தாங்காது, 30 டிகிரி இன்னும் மோசம்.

நம் சூட்டுக்கென்றே செய்ததுபோல் இருப்பது சீப்ரா பிளெக்கோ, எல்046. பிரேசிலின் ஷிங்கு ஆற்று மீன் அது, 28 முதல் 30 டிகிரி அதற்குச் சொந்த ஊர்போல. ஆனால் விலை நூற்றுக்கணக்கான வெள்ளி, தீனி புழுவும் இறைச்சியும். பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 2022-ல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், தொட்டியில் இனப்பெருக்கம் செய்த மீன்தானா, தாள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கண்ணாடிப் பாசி மட்டுமே பிரச்சினை என்றால் பிளெக்கோவே வேண்டாம். மூன்று நெரைட் நத்தைகள் போதும், விளக்கு எரியும் நேரத்தையும் எட்டு மணி நேரத்திலிருந்து ஆறாகக் குறைத்துப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் காமன் ஓர் அடி வளர்ந்து நிற்கிறதா? நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடுவது சட்டப்படி குற்றம், விசாக தினப் புண்ணியம் என்றாலும் அதேதான். நம் நீர்த்தேக்கங்களில் இது ஏற்கெனவே பெருகியிருக்கிறது. பெரிய தொட்டியோ குளமோ உள்ளவரிடமோ திருப்பி எடுக்கும் கடையிடமோ கொடுங்கள். பிடிக்க வலை வேண்டாம், விலாத்துடுப்பு முள் அதில் மாட்டிக்கொண்டு, விடுவிக்கும்போது துடுப்பு கிழியும். பிளாஸ்டிக் பையையும் முள் குத்திவிடும். மூடியுள்ள வாளியை நீருக்குள் சாய்த்து, பின்னாலிருந்து மீனை மெல்ல ஓட்டி உள்ளே விடுங்கள். தொட்டி நீரே பாதி வாளி இருந்தால் அரை மணிப் பயணத்துக்குப் போதும்.