தபால் வாக்கு: அஞ்சுக்கு நாலு

சேவை நல்லம். பசைதான் சரியில்ல.

மட்டக்களப்புப் படுவான்கரையில படிப்பிக்கிறன். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தல்ல கடமை விழுந்ததால எனக்குத் தபால் வாக்கு. 5, 6ஆம் திகதிகள்ல போடலாம், தவறினா 11, 12. மண்முனைப் பாலம் தாண்டி ஏழரைக்கே வாக்குப் போடப் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டன்.

மறைப்புக்கு நிண்டது கம்பியூட்டர் வந்த காட்போட் பெட்டி. வாக்குச் சீட்டில 39 பேர்ட பேர். மடிச்சு மடிச்சுச் சின்ன உறைக்குள்ள திணிக்கக்குள்ள உறை கிழியப் பாத்துது. அத்தாட்சிப்படுத்தும் அலுவலருக்கு முன்னால அடையாளப் பத்திரத்தில கையெழுத்து. மறுகா ரெண்டையும் பெரிய உறைக்குள்ள வச்சு ஒட்டோணும். ஒட்டினாத்தானே! பிள்ளைகள்ட சாப்பாட்டில நாலு சோத்துப் பருக்கை எடுத்துத்தான் காரியம் முடிஞ்சுது.

கலிபோர்னியாவில இருக்கிற மச்சாள் கேட்டுட்டுச் சிரிச்சா. அவவுக்குச் சீட்டு வீட்டுக்கே வருமாம். 2016இல வந்த சட்டப்படி போட்ட சீட்டை ஆரிட்டயும் குடுத்தனுப்பலாம். வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவருக்குச் சீட்டுக்கு இவ்வளவு எண்டு காசு மட்டும் குடுக்கேலா. பக்கத்து அரிசோனாவில அதே வருசம் நேரெதிர்ச் சட்டம்: குடும்பத்தார், வீட்டில இருக்கிறவர், பராமரிக்கிறவர் தவிர மற்றவர் சேர்த்தாக் குற்றம். 2021இல அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அது செல்லுமெண்டுட்டு.

எங்கட ஒழுங்கையில கலிபோர்னியா முறை வந்தா? "தாங்க டீச்சர், நான் கொண்டு குடுக்கிறன்" எண்டு விடியச் சாமத்திலயே மூணு பேர் படலையில நிப்பாங்க. எனக்கு அந்தக் காட்போட் பெட்டியே காணும்.

குறைச்ச ஒரு நட்சத்திரம் பசைக்கு.