ஜன்னலையும் எக்ஸாஸ்டையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் கிடைத்தார்கள்

மேடவாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஜன்னல் மாற்றி, எக்ஸாஸ்ட் வேலையும் முடித்து ஒரு மழைக்காலம் போய்விட்டது, அதனால் இப்போது நம்பி எழுதலாம். வேலை நன்றாக இருக்கிறது. ஒரு இடத்தில் கோட்டை விட்டார்கள், அதையும் சொல்கிறேன்.

அளவெடுக்க வந்தவர் ஃபேன் பேச்சையே எடுக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலையும் முழுசாகத் திறந்து, திறக்கிற இடத்தை மட்டும் டேப் வைத்து அளந்தார். ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் கொடுக்கிற அதே பிஇஇதான் 2018இல் வீடுகளுக்கு ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அதன்படி சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் திறக்கக்கூடிய பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் (சுவருக்குள் புழங்குகிற தரைப் பரப்பில்) 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். எங்கள் வீடு 780 சதுர அடி, அப்படியானால் 130 வேண்டும். பால்கனிக் கதவைச் சேர்த்தும் 55தான் வந்தது! எல்லாமே இரண்டு கண்ணாடி ஸ்லைடிங், பார்வைக்குப் பெரிய ஜன்னல், ஆனால் பாதிதான் திறக்கும், கணக்கிலும் 50 சதவீதம்தான் எடுப்பார்கள். கதவு மாதிரி முழுசாகத் திறக்கிற கேஸ்மென்ட் ஜன்னலுக்கு 90. அப்படி மாற்றிய பிறகு 95 சதுர அடி வரை வந்தது, அதற்கு மேல் சுவரை இடிக்க வழியில்லை. "மிச்சத்தை ஃபேன் போட்டுச் சரிக்கட்ட முடியாது சார், அது வேற வேலைக்கு" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

சரி, ஃபேன் எதற்கு? மழை நாளில் ஜன்னலை அடைத்துவிட்டுத் தாளிக்கும்போதுதான் தெரியும். அலுவலகம் போன்ற கட்டடங்களுக்கான அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.1 என்ற காற்றோட்டத் தரவிதியிலும், ஜன்னல் காற்றை நம்பிக் கட்டினாலும் சில விலக்குகள் தவிர இயந்திர வழியும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

குறை இங்கேதான். ஜன்னல் மூடியிருக்கும்போது சிம்னியைப் போட்டால் வெளியே போகிற காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே. பாத்ரூம் ஃபேன் ஓடாமல் நின்றதால் அந்த ஓட்டை வழியாக, பின்னால் பைப்புகள் போகிற டக்ட்டில் இருக்கிற நாற்றம் மொத்தமும் ஹாலுக்கு வந்தது, அம்மா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். ஃபேன் நின்றால் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டரை முதல் நாளே போட்டிருக்க வேண்டும். போன் செய்தேன், இரண்டு வாரம் கழித்து வந்து காசு வாங்காமல் மாட்டினார்கள். சமைக்கும்போது சமையலறை ஜன்னலை நாலு விரல் திறந்து வைக்கச் சொன்னார்கள், அதற்குப் பிறகு நாற்றம் இல்லை. பாத்ரூம் கதவுக்கு அடியிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு அறுத்தார்கள், அதுவரை அந்த ஃபேன் சத்தம் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தது.

கொசுவலையால் காற்று கொஞ்சம் குறைகிறது, எங்கள் பக்கம் வலை இல்லாமல் இருக்கவும் முடியாது. அப்புறம், மேல் மாடியில் இருப்பவர்கள் கேஸ்மென்ட் போட்டால் காற்றில் அடித்துக்கொள்ளாமல் பிடித்து நிறுத்தும் ஃப்ரிக்‌ஷன் ஸ்டே விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள், எங்களுக்கு அதைத் தனியாகத்தான் போட்டார்கள்.