ஊருக்கு டிக்கெட் போட ஐஆர்சிடிசியா, ஆப்பா? எனக்கு முடிவு பண்ணது ரீஃபண்ட்தான்

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாச்சு. பெங்களூர்ல இருந்து கோவில்பட்டி, மைசூரு-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், நேரா ரயில்வேயோட ஐஆர்சிடிசி சைட்லயே. ரூம்ல கூட இருக்குறவங்க எல்லாம் இக்சிகோ, மேக்மைட்ரிப் மாதிரி பிரைவேட் ஆப் ஆளுங்க, "இன்னுமா அந்த சைட்டோட மல்லுக்கட்டிட்டு இருக்க"ன்னு ஒரே கிண்டல். அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா நான் ஏன் மாறலன்னு சொல்லிடுறேன்.

முதல்ல ரேட்டு. இதுல பேச பெருசா ஒண்ணும் இல்ல. டிக்கெட் கட்டணம் எங்க போட்டாலும் ஒண்ணுதான். ஐஆர்சிடிசில யுபிஐல கட்டினா ஏசி இல்லாத கிளாசுக்கு 10 ரூபா, ஏசிக்கு 20 ரூபா கன்வீனியன்ஸ் ஃபீ, கார்டு, நெட்பேங்கிங்னா 15, 30, அதுக்கு மேல ஜிஎஸ்டி. ஆப்காரங்க இதுக்கும் மேல அவங்க பங்குக்கு ஒண்ணு போடுவாங்க, கூப்பன் கீப்பன் இருந்தா அது கழிஞ்சுடும். எந்த ஆப்ல போனாலும் கடைசில ஐஆர்சிடிசி ஐடியும் பாஸ்வேர்டும் கேக்கத்தான் செய்யும், அதனால "எனக்கு ஐஆர்சிடிசியே வேணாம்பா"ன்னு யாரும் தப்பிக்க முடியாது.

ஆப் ஜெயிக்கிற இடம் தேடுறதுலதான், அதுல சந்தேகமே இல்ல. வெயிட்டிங் லிஸ்ட் கன்ஃபர்ம் ஆகுமா ஆகாதான்னு ஒரு சதவீதம் காட்டுது பாருங்க, அது சும்மா ஜோசியம் இல்ல, பழைய டிக்கெட்டுங்க எப்படி நகர்ந்துச்சுன்ற கணக்கு, நான் பாத்த வரைக்கும் ஓரளவு சரியாத்தான் வருது (பண்டிகை சமயத்துல மட்டும் நம்பாதீங்க). பெங்களூர்ல இருந்து சீட் இல்லன்னா, அதே ட்ரெயின்ல மைசூர்ல இருந்து டிக்கெட் எடுத்துட்டு பெங்களூர்ல ஏறிக்கோன்னு அதுவே சொல்லும். சீட் ஒதுக்கீடு (கோட்டா) ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வேற, அதனால இது பல நேரம் வேலைக்கு ஆகும், கொஞ்சம் காசு கூட ஆகும் அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, புக் பண்ணும்போதே போர்டிங் ஸ்டேஷன் பெங்களூர்னு மாத்திடணும், இல்லன்னா மைசூர்ல ஆள் ஏறலன்னு டிடிஇ சீட்ட வேற யாருக்காவது குடுத்துடுவாரு. இதெல்லாம் ஐஆர்சிடிசில நாமளே ஒவ்வொரு ஸ்டேஷனா போட்டுப் பாத்துக்கிட்டு உக்காரணும்.

இன்னொண்ணு, நாலு ஆப்ல கம்பேர் பண்ணிட்டேன்னு பெருமையா சொல்றவங்களுக்கு. கன்ஃபர்ம்டிக்கெட், அபிபஸ் ரெண்டையும் 2021லயே இக்சிகோ வாங்கிடுச்சு. ரெட்பஸ்ஸும் கோஐபிபோவும் 2017ல இருந்து மேக்மைட்ரிப் கூட ஒரே குடும்பம். நாலு கதவு தட்டுனாலும் வீடு ரெண்டுதான்.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். ஐடி வேலைல இருக்குற நமக்கு லீவு சாங்ஷன் ஆகி, ரிலீஸ் தள்ளிப் போகாம, கடைசி நேரத்துல மேனேஜர் "ஒரு கால் மட்டும் அட்டெண்ட் பண்ணிடு"ன்னு சொல்லாம ஊருக்குப் போறதே அபூர்வம். அதனால டிக்கெட் போடுறது எவ்வளவு ஈசின்னு பாக்குறத விட, கேன்சல் ஆனா காசு எந்த வழியா திரும்பி வருதுன்னு பாருங்க. நேரா போட்டா ஐஆர்சிடிசில இருந்து பேங்க், முடிஞ்சுது. ஆப்ல போட்டா நீங்க காசு குடுத்தது ஆப்புக்கு, அதனால ஐஆர்சிடிசில இருந்து ஆப்புக்கு வந்து, அங்கருந்துதான் உங்க பேங்குக்கு. நடுவுல ஒரு ஆள் சேந்தாச்சுல்ல, மாட்டுனா அங்கதான் மாட்டும்.

எனக்கு ஒரு தடவ மாட்டுச்சு, ஆப் பேரு வேணாம். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், சார்ட் (யாருக்கு எந்த சீட்டுன்ற கடைசி லிஸ்ட்) போட்டும் கன்ஃபர்ம் ஆகல, தானா கேன்சல் ஆயிடுச்சு. ஆப்ல பச்சை கலர்ல "ரீஃபண்ட் ப்ராசஸ்ட்"ன்னு டிக் அடிச்சிருக்கு, அக்கவுண்ட்ல ஒரு பைசா வரல. சாட்ல கேட்டா முதல்ல மெஷின் பேசுது, அப்புறம் ஒரு ஆள் வந்து "ரெஃபரன்ஸ் நம்பர் குடுத்து பேங்க்ல கேளுங்க சார்"ங்குறாரு, பேங்க்ல கேட்டா அப்படி ஒரு நம்பரே வரலங்குறாங்க. காசு வந்துச்சு, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்குள்ள அடுத்த டிக்கெட்டுக்கு கைக்காசு போட்டு பஸ்ல போயிட்டு வந்துட்டேன். ஐஆர்சிடிசிலயும் லேட் ஆகும்தான், ஆனா ரீஃபண்ட் ஹிஸ்டரின்னு ஒரு இடம் இருக்கு, எவ்வளவு பிடிச்சாங்க, எவ்வளவு அனுப்புனாங்கன்னு அங்க தெரியும், கேக்க வேண்டிய ஆளும் ஒருத்தர்தான்.

பிடிக்கிற கணக்கும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. கன்ஃபர்ம் டிக்கெட்ட நல்லா முன்னாடியே கேன்சல் பண்ணா ஆளுக்கு ஸ்லீப்பர்ல 120, தேர்ட் ஏசில 180, செகண்ட் ஏசில 200 ரூபா. ட்ரெயின் நேரம் நெருங்க நெருங்க அது கால்வாசி, பாதின்னு ஏறி கடைசில ஒண்ணுமே வராது. கன்ஃபர்ம் ஆன தட்கல் (கடைசி நேர) டிக்கெட்னா எப்ப கேன்சல் பண்ணாலும் நாமம்தான். இது ரயில்வே கணக்கு, ரெண்டு பக்கமும் பொது. ஆப்ல இதுக்கு மேல "ஃப்ரீ கேன்சலேஷன்"னு ஒண்ணு விக்கிறாங்க, அந்த ஃபீ திரும்ப வராது, கேன்சல் பண்ணாலும் பண்ணாட்டியும் போச்சு. கன்ஃபர்ம் ஆகலன்னா ரெண்டு மடங்கு மூணு மடங்கு தரேன்னு வர்ற கேரண்டியும் அப்படித்தான், டிக்கெட் காசுக்கு மேல வர்றது பெரும்பாலும் கூப்பனாத்தான் இருக்கும், கண்டிஷன படிச்சுட்டு டிக் பண்ணுங்க. அடிக்கடி பிளான் மாறுறவங்களுக்கு அந்த ஃப்ரீ கேன்சலேஷன் லாபமா இருக்கலாம், மறுக்கல.

ஐஆர்சிடிசில போடுறதா இருந்தா ஆதார் வெரிஃபை இப்பவே பண்ணி வைங்க, 2025 ஜூலைல இருந்து அது இல்லாம ஆன்லைன்ல தட்கல் கிடையாது. தட்கல் திறக்குறது ஏசிக்கு காலைல 10 மணி, மத்ததுக்கு 11. சாதாரண புக்கிங் 2024 நவம்பர்ல இருந்து 120 நாள்னு இருந்தது 60 நாளாயிடுச்சு, காலைல 8 மணிக்கு திறக்கும், தீபாவளி பொங்கல்னா ஆபீஸ் காலை மீட்டிங்குக்கு லீவு போட்டுட்டு உக்காருங்க. பேமெண்ட்டுக்கு ஆட்டோபே வெச்சா டிக்கெட் விழுந்தாத்தான் காசு கழியும், அதுவரைக்கும் அக்கவுண்ட்ல பிளாக் ஆகி மட்டும் இருக்கும். "காசு போச்சு டிக்கெட் வரல" பஞ்சாயத்து இதுல பாதி குறைஞ்சுடும்.

பஸ்ஸுன்னா நான் கட்சி மாறிடுவேன். ரெட்பஸ் நம்ம பெங்களூர்ல 2006ல ஆரம்பிச்சது, அதுவும் தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் டிக்கெட் கிடைக்காத கடுப்புல ஒருத்தர் ஃப்ரெண்ட்ஸோட சேந்து ஆரம்பிச்சது, அந்தக் கஷ்டம் தெரிஞ்சவங்க பண்ணதுன்னு பாத்தாலே தெரியும். கேன்சலேஷன் ரூல் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் வேற, ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடியே எத்தன மணிக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு கட்டம் போட்டு காட்டிடுறாங்க. நேரா ட்ராவல்ஸ் ஆபீஸ்ல போட்டா அந்த ரூல் கவுண்டர்ல உக்காந்திருக்குறவர் மூடப் பொறுத்தது. சாயங்காலம் பஸ்காரர் நம்பர் மெசேஜ்ல வந்துடும், "தம்பி சில்க் போர்டு பிரிட்ஜ் கீழ நிக்காதீங்க, போலீஸ் நிறுத்த விட மாட்டாங்க, அய்யப்பன் கோயில் பக்கம் வந்துடுங்க"ன்னு அவரே கூப்பிட்டும் சொல்வாரு. பண்டிகைக்கு பிரைவேட் பஸ் ரேட்டு பாத்தா வயித்தெரிச்சல்தான், அப்ப சாந்திநகர் பஸ் ஸ்டாண்ட் போய் கவர்மெண்ட் பஸ் ஏறிடுறது நல்லது, அந்த டிக்கெட்ட அவங்க சைட்லயே போட்டுடலாம்.

மதுரை வரைக்கும் போறவங்களுக்கு பெங்களூர் கண்டோன்மெண்ட் ஸ்டேஷன்ல இருந்து வந்தே பாரத் இருக்கு, 2024ல விட்டது, செவ்வாய்க்கிழமை கிடையாது. பகல் வண்டிங்குறதால எனக்கு ஒரு லீவு வேஸ்ட், அதனால அதிகம் போனதில்ல. ஃப்ளைட்ல போனது இன்னும் கம்மி. ஆப்ல போட்டு டைமிங் மாறுனா ஏர்லைன்ஸ்காரங்க "ஏஜெண்ட்கிட்ட கேளுங்க"ன்னு கை கழுவுறாங்கன்னு ஃப்ரெண்ட்ஸ் பொலம்புறதக் கேட்டிருக்கேன், அந்தக் கதையும் ரீஃபண்ட் கதை மாதிரியேதான் தெரியுது, ஆனா சொந்த அனுபவம் இல்லாம அடிச்சு சொல்ல மாட்டேன். ஹோட்டல் புக்கிங் எதுல நல்லதுன்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, கோவில்பட்டி போறவனுக்கு ஹோட்டல் எதுக்கு, அம்மா செருப்பால அடிக்கும்.